விற்ற நிலத்தில் ஏர்

ஆனி மாதக் கடைசியில் ஒரு நாள் மாலை, தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து நமக்கு வேண்டியவர் ஒருவர் நம் வீட்டுக்கு வந்திருந்தார். ஐந்து ஏக்கர் நன்செய் உள்ளவர். தாமே இறங்கி உழுது பயிரிட்டுப் பிழைப்பவர். கையில் ஒரு மஞ்சள் பை. அதற்குள் சிட்டா, அடங்கல் நகல்கள், கூட்டுறவுச் சங்கத்து ரசீதுகள், நகை அடகு வைத்த சீட்டுகள். மேட்டூரில் தண்ணீர் திறந்ததைப் பற்றியும், கடைமடைக்கு அது எப்போது வந்து சேரும் என்பதைப் பற்றியும் காப்பி சாப்பிட்டு முடிகிற வரையில் பேசிக்கொண்டிருந்தார். டம்ளரைக் கீழே வைக்கும்போதுதான் வந்த காரியம் வெளிவந்தது.

"அண்ணே, டவுனிலிருந்து ஒருவர் வந்து நிலத்தைக் கேட்கிறார். ஐந்து ஏக்கரையும் சுத்தக் கிரயமாக எழுதிக் கொடுத்துவிட வேண்டியது. ரொக்கம் உடனே கைக்கு வந்துவிடும். அப்புறம் அதே நிலத்தை நானே குத்தகைக்கு எடுத்து உழலாமாம். 'உமக்குக் கடனும் தீரும், ஏரும் நிற்காது' என்கிறார். செய்யலாமா, கூடாதா? நீங்கள் ஒரு வார்த்தை சொல்லுங்கள்."

ஒரு வார்த்தையில் சொல்லிவிடக்கூடிய விஷயமா இது? அன்றியும், இதில் உபதேசம் செய்வதற்கு நமக்குள்ள யோக்கியதையும் சொற்பமே. நமது பாகத்துக்கு வந்த நிலத்தை எப்போதோ விற்றுவிட்டுப் பட்டணத்தில் வீடு கட்டிக்கொண்டவர்கள் நாம். இதைப் படிக்கும் குடும்பங்களில் பலவும் அவ்விதமே செய்திருக்கும் என்பது நம் ஊகம். சேற்றில் கால் வையாதவர்கள் நிலத்தை விற்பதில் ஒரு சங்கடமும் இல்லை. அந்த நிலமே ஜீவனமாக இருக்கிறவன் அதை விற்றுவிட்டு, மறுநாள் காலையில் அதே வரப்பின்மேல் குத்தகைக்காரனாக நடப்பது வேறு காரியம். ஆகையால் அன்று இரவு அவரை ஊருக்குப் போகவிடாமல் நிறுத்திக்கொண்டு, காகிதமும் பேனாவும் எடுத்துக் கணக்குப் போட உட்கார்ந்தோம்.

அவருடைய கடன் 6 லட்சம் ரூபாய். அதில் பெரும் பகுதி வெளியில் வாங்கியது. மாதம் நூற்றுக்கு இரண்டு வட்டி. வருஷத்துக்கு நூற்றுக்கு 24 என்று ஆகிறது. நிலத்துக்கு ஏக்கர் 8 லட்சம் ரூபாய் பேசியிருக்கிறார்கள். ஐந்து ஏக்கருக்கு 40 லட்சம். குத்தகையோ ஏக்கருக்கு வருஷத்தில் 60 கிலோ மூட்டையாகப் பத்து மூட்டை. குவிண்டால் 2,500 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் ஏக்கருக்கு 15,000; ஐந்து ஏக்கருக்கும் சேர்த்து 75,000 ரூபாய்.

இப்போது பாருங்கள். நிலத்தை விற்றுக் கடனைத் தீர்த்தபின் 34 லட்சம் ரூபாய் மிஞ்சுகிறது. அதை ஒரு பாங்கியில் நூற்றுக்கு 7 வட்டிக்குப் போட்டால் வருஷத்துக்கு 2 லட்சத்து 38 ஆயிரம் ரூபாய். அதிலிருந்து குத்தகை 75,000-ஐக் கொடுத்துவிட்டாலும் ஒன்றரை லட்சத்துக்கு மேல் கையில் நிற்கிறது. கடன் இல்லை. விளைகிற நெல் முழுவதும், செலவு போக, அவருடையது. கணக்கு என்னவோ "விற்றுவிடு, விற்றுவிடு" என்றுதான் கூவுகிறது! நாமும் முதலில் திகைத்தே போனோம். இத்தனை எளிய காரியத்தைக் குடியானவர்கள் யாவரும் ஏன் இதுகாறும் செய்யாமல் இருக்கிறார்கள்?

காகிதத்தைத் திருப்பி, வாங்குகிறவர் பக்கத்திலிருந்து அதே கணக்கைப் போட்டபோது விஷயம் விளங்கிற்று. அவர் 40 லட்சம் ரூபாயை முடக்கி வருஷத்துக்கு 75,000 ரூபாய் வாங்கப் போகிறார். நூற்றுக்கு இரண்டு ரூபாய்கூடத் தேறவில்லை. தபாலாபீஸில் போட்டாலும் இதைப்போல் மூன்று மடங்கு வரும். அவ்வளவு தர்மசிந்தை உடையவராக அவர் இருக்கலாம், நாம் மறுக்கவில்லை. ஆனால் நிலம் தார் ரோட்டை ஒட்டியிருக்கிறது என்பதையும் இங்கே குறிப்பிட வேண்டும். அவர் நெல்லுக்காக நிலம் வாங்கவில்லை. நாளை அந்த ரோட்டில் மனைக்கட்டு வரும், விலை இரண்டு பங்காகும் என்று வாங்குகிறார். அதுவரையில் நிலம் தரிசாகக் கிடக்காமல், வேலி காக்க ஓர் ஆள் வேண்டும். நமது அன்பருக்குக் குத்தகை என்ற பெயரில் கிடைக்கப்போவது அந்த உத்தியோகந்தான். மனை போடுகிற நாள் வந்ததும் உத்தியோகம் தீர்ந்துபோகும்.

"அப்படியானால் ஐந்து வருஷத்துக்கோ பத்து வருஷத்துக்கோ குத்தகைப் பத்திரம் எழுதிப் பதிவு செய்துகொண்டால்?" என்று நம் வீட்டில் ஒரு கேள்வி எழுந்தது. நியாயமான கேள்வி. அதற்குப் பதில் சொல்லத் தஞ்சை ஜில்லாவின் பழைய கதையைக் கொஞ்சம் சொல்லவேண்டும்.

பழைய தஞ்சை ஜில்லாவில் நிலம் மிராசுதார்களிடத்திலும் கோயில்களிடத்திலும் மடங்களிடத்திலும் இருந்தது. பயிர் செய்தவர்கள் வாரதார்களும் குத்தகைதாரர்களும் பண்ணையாட்களும். கண்டுமுதலில் வாரதாருக்குக் கிடைத்தது ஐந்தில் ஒரு பங்கு, மிஞ்சினால் நாலில் ஒரு பங்கு. 1952-ல் ராஜாஜி முதல் மந்திரியாக இருந்தபோது ஓர் அவசரச் சட்டம் பிறந்து, வாரதாருக்கு ஐந்தில் இரண்டு பங்கு என்று விதித்தது. நினைத்தபோது வெளியேற்றுவதையும் தடுத்தது. 1955-ல் பயிரிடும் குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டம் வந்தது. தானும் தன் குடும்பத்தாரும் உடலுழைப்புச் செய்து பயிரிடுகிற குத்தகைக்காரனை, குத்தகை பாக்கி முதலிய சில காரணங்களுக்கன்றி வெளியேற்ற முடியாது என்று ஆயிற்று. அடுத்த வருஷமே நியாயக் குத்தகைச் சட்டம். நன்செய் நிலத்தில் விளைவில் நூற்றுக்கு 40 பங்குக்கு மேல் நிலச் சொந்தக்காரர் வாங்கலாகாது என்றது அது. பிற்பாடு அந்த 40-ம் 25 ஆகக் குறைந்தது. 1969-ல் குத்தகைக்காரர்களின் பெயரைப் பதிவேட்டில் ஏற்றுவதற்கு ஒரு சட்டம்.

இந்தச் சட்டங்கள் லட்சக்கணக்கான மக்களுக்கு முதுகெலும்பு கொடுத்தன என்பதில் சந்தேகமில்லை. ஆனால் அவற்றுக்கு ஒரு மறுபக்கமும் உண்டு. பதிவேட்டில் பெயர் ஏறிவிட்டால் குத்தகைக்காரன் அசையமாட்டான் என்பது நிலச் சொந்தக்காரருக்கும் தெரியும். ஆகவே புதிதாகக் குத்தகைக்கு விடுகிறவர்களில் எழுதிக் கொடுப்பவர் அரிதாகிவிட்டார்கள். எல்லாம் வாய்ப்பேச்சு. வருஷத்துக்கு வருஷம் பேச்சு. ரசீதும் கிடையாது. சட்டம் எந்தக் குடியானவனை உத்தேசித்து இயற்றப்பட்டதோ, அவனுடைய பெயர் எந்தக் காகிதத்திலும் இல்லை!

காகிதத்தில் பெயர் இல்லாவிட்டால் என்ன குடி முழுகிப்போயிற்று என்று பட்டணத்து வாசகர்கள் கேட்கலாம். கிராமத்தில் இன்று எல்லாமே காகிதந்தான். கூட்டுறவுச் சங்கத்தில் பயிர்க்கடன் வாங்க அடங்கல் வேண்டும். குறித்த தவணையில் கட்டினால் அந்தக் கடனுக்கு நம் ராஜ்யத்தில் வட்டியே இல்லை. நெல்லை நேரடிக் கொள்முதல் நிலையத்தில் போடவும் அடங்கல் வேண்டும். 2019 முதல் மத்திய சர்க்கார் விவசாயக் குடும்பங்களுக்கு வருஷம் 6,000 ரூபாய் கொடுத்து வருகிறது. அது நிலம் பெயரில் இருப்பவர்களுக்கே. நிலத்தை விற்றவர் அன்றைக்கே அந்த ஜாபிதாவிலிருந்து இறங்கிவிடுகிறார். நிலத்தோடு கூடவே இரண்டு வட்டிக்கும் வட்டியில்லாக் கடனுக்கும் உள்ள வித்தியாசத்தையும் அவர் கிரயம் செய்து கொடுக்கிறார். நம் கணக்கில் அந்தத் தொகையை எங்கும் எழுதவில்லையே என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

நிற்க. விற்ற நிலத்தையே குத்தகைக்கு உழுவது என்பது டவுன்காரர் நேற்றுக் கண்டுபிடித்த புது யோசனை அல்ல. ஒரு தேசத்தின் பெரும் பகுதியே அவ்விதம் செய்து பார்த்திருக்கிறது. அதில் நம் தமிழர்களுக்கும் பங்கு உண்டு.

கீழ்ப் பர்மாவை ஆங்கிலேயர் 1852-ல் பிடித்துக்கொண்டார்கள். 1869-ல் சூயஸ் கால்வாய் திறந்தபின் ஐராவதி நதியின் கழிமுகத்து அரிசிக்கு உலகமெங்கும் கிராக்கி ஏற்பட்டது. பர்மியக் குடியானவர்கள் காட்டை வெட்டி, சதுப்பைத் திருத்தி, லட்சக்கணக்கான ஏக்கரை வயலாக்கினார்கள். 12 வருஷம் தொடர்ந்து உழுது வரி கட்டினால் நிலம் உழுதவனுக்கே சொந்தம் என்று 1876-ஆம் வருஷத்துச் சட்டம் சொல்லிற்று. சொந்தமான நிலத்தை ஈடு காட்டினால் பணம் கிடைக்கும். பணம் கொடுக்க ரங்கூன் மொகல் தெருவிலும் கழிமுகத்து ஊர்களிலும் நமது நாட்டுக்கோட்டை நகரத்தார்கள் கடை வைத்திருந்தார்கள். உள்ளூர் லேவாதேவிக்காரர்களைக் காட்டிலும் அவர்கள் வட்டி குறைவு, கணக்கு சுத்தம். அவர்கள் நிலத்துக்கு ஆசைப்பட்டுப் போனவர்களும் அல்ல. அவர்கள் தொழில் பணம், நெல் அல்ல. ஊருக்குத் திரும்பும்போது நிலத்தைக் கப்பலில் ஏற்றிக்கொண்டு வரமுடியாது என்பது அவர்களுக்கு நன்றாகத் தெரியும்.

1930-ல் உலகமெங்கும் விலைகள் சரிந்தன. பர்மாவில் நெல் விலை பாதிக்கும் கீழே போயிற்று. கடனோ பழைய விலையில் வாங்கியது. குடியானவனால் அசலும் கட்டமுடியவில்லை, வட்டியும் கட்டமுடியவில்லை. கடனுக்கு நிலத்தை எழுதிக் கொடுத்தான். எழுதி வாங்கிக்கொண்ட செட்டியார் அதை என்ன செய்வார்? பெரும்பாலும் பழைய சொந்தக்காரனிடமோ அவனுக்கு அடுத்தவனிடமோ குத்தகைக்கு விட்டார். கீழ்ப் பர்மாவில் நெல் விளையும் முக்கியமான 13 ஜில்லாக்களில் 1930-ல் அவர்களிடம் இருந்தது 5 லட்சத்து 70 ஆயிரம் ஏக்கர். நூற்றுக்கு 6 பங்கு. 1937-ல் அது 24 லட்சத்து 46 ஆயிரம் ஏக்கர். நூற்றுக்கு 25 பங்கு. ஏழே வருஷத்தில்!

வயல் அதே வயல், மாடு அதே மாடு, உழுதவனும் அவனே. ஆயினும் ஒரு மாறுதல் ஏற்பட்டது. குத்தகை அநேகமாக ஒரு வருஷத்துக்குத்தான். அடுத்த வருஷம் வேறொருவன் பத்துக் கூடை அதிகம் தருகிறேன் என்றால் நிலம் அவனுக்கு. ஆகவே வருஷா வருஷம் குடும்பங்கள் பானை சட்டியுடன் இடம் மாறின. அடுத்த அறுவடைக்கு இருப்போமா என்று தெரியாதவன் வரப்பை உயர்த்துவானா? வண்டலும் எருவும் அடிப்பானா? வாய்க்காலைத் தூர்வாருவானா? இது பர்மியனுடைய குணத்தில் உள்ள குறை என்று துரைத்தனத்தார் சிலர் எழுதிவைத்தார்கள். நம்மை அந்த நிலையில் வைத்திருந்தால் நாமும் வரப்பை உயர்த்தியிருக்கமாட்டோம். 1930 டிசம்பரில் தராவடி ஜில்லாவில் சாயா சான் என்பவர் தலைமையில் குடியானவர்கள் கலகம் செய்தார்கள். அடுத்த வருஷம் அவரைத் தூக்கிலிட்டார்கள்.

நிலத்தைப் பெற்றவர்களாவது சுகமாக இருந்தார்களா என்றால் அதுவும் இல்லை. 1942-ல் ஜப்பானியர் வந்தபோது அவர்களில் பலரும் பத்திரப் பெட்டியை விட்டுவிட்டு, கப்பலிலும் கால்நடையாகவும் உயிர் தப்பி வந்தார்கள். 1948-ல் சுதந்திர பர்மா நிலத்தைத் தேசிய உடைமையாக்கும் சட்டம் செய்தது. செட்டிநாட்டு வீடுகளில் பர்மாத் தேக்குத் தூண்கள் இன்றும் நிற்கின்றன. ஐராவதிக் கரை வயல்கள் போயின. அந்த வயல்கள் பழைய பர்மியனுக்கும் முழுச் சொந்தமாகத் திரும்பவில்லை. சர்க்கார் நிலச் சொந்தக்காரர் ஆயிற்று. பின்னால் பல வருஷங்கள், சர்க்கார் சொன்ன விலைக்குச் சர்க்காருக்கே நெல் அளக்கும்படியும் ஆயிற்று.

இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்த அன்பர், "அப்படியானால் குத்தகை என்றாலே நாசந்தானா, அண்ணே?" என்றார். அப்படியும் சொல்லிவிடக்கூடாது. சீமையில் 1914-க்கு முன் பத்தில் ஒன்பது பங்கு நிலத்தைக் குத்தகைக்காரர்களே உழுதார்கள்; அந்த நாட்டு விவசாயம் அப்போது உலகத்தில் யாருக்கும் இளைத்ததல்ல. கட்டடமும் வடிகாலும் பிரபு செய்து தருவார். மாடும் கருவியும் குத்தகைக்காரர் கொண்டு வருவார். பணம் நிலத்தில் முடங்காமல் தொழிலில் புரண்டது. முதல் யுத்தம் முடிந்ததும் பிரபுக்கள் நிலங்களை விற்றார்கள். குத்தகைக்காரர்கள் கடன் வாங்கி, உச்ச விலையில், தாம் உழுத நிலத்தைத் தாமே வாங்கிச் சொந்தக்காரர்கள் ஆனார்கள். 1921-ல் தானியத்துக்குச் சர்க்கார் கொடுத்துவந்த விலை உத்தரவாதம் நீங்கிற்று, விலை விழுந்தது. சொந்த நிலத்தின்மேல் உட்கார்ந்துகொண்டே பலர் கடனில் அமிழ்ந்தார்கள். குத்தகைக்காரனாகவே இருந்தவன் பிரபுவிடம் போய்க் குத்தகையைக் குறைத்துக் கேட்கவாவது முடிந்தது. ஈட்டுக் கடன் கொடுத்த பாங்கியிடம் போய் அப்படிக் கேட்க முடியுமா?

1948-ல் அங்கே குத்தகைக்காரருக்கு ஆயுள்காலப் பாதுகாப்புக் கொடுத்தார்கள். 1976-ல் மகனுக்கும் பேரனுக்கும் அது தொடரலாம் என்றார்கள். உடனே புதிதாக நிலம் குத்தகைக்கு விடுவாரே குறைந்துபோயினர். கடைசியில் 1995-ல் தவணை வைத்துக் குத்தகை எழுதலாம் என்று சட்டத்தைத் தளர்த்தினார்கள். தஞ்சாவூரில் நடந்ததற்கும் இதற்கும் உள்ள ஒற்றுமை நம்மைக் கொஞ்சம் யோசிக்க வைத்தது.

நம் ஊர்ப் பக்கமும் தலைமுறை தலைமுறையாகக் குத்தகை நிலத்தை உழுது, பெண்களைக் கட்டிக்கொடுத்து, பிள்ளைகளைப் படிக்கவைத்த குடும்பங்கள் உண்டு. அவர்களில் அநேகர் கோயில் நிலத்துக் குத்தகைக்காரர்கள். தமிழ்நாட்டுக் கோயில்களுக்கு 4 லட்சத்து 78 ஆயிரம் ஏக்கர் நிலம் இருக்கிறது. பாக்கித் தகராறு, குத்தகையை உயர்த்தும் தகராறு எல்லாம் அங்கேயும் உண்டு. ஆனாலும் ஸ்வாமி மனை போட்டு விற்பதில்லை. (ஸ்வாமியின் பெயரால் மற்றவர்கள் செய்ததுண்டு, அது வேறு கட்டுரைக்கு உரியது.) நிலச் சொந்தக்காரர் எப்படிப்பட்டவர், அவர் எதற்காக அந்த நிலத்தை வைத்துக்கொண்டிருக்கிறார் என்பதைப் பொறுத்தே குத்தகைக்காரனுக்கு இரவில் தூக்கம் வருவதும் வராததும்.

இரவு பத்து மணிக்கு மறுபடி கணக்குக் காகிதத்துக்கு வந்தோம். கடன் 6 லட்சம். ஏக்கர் விலை 8 லட்சம். ஒரே ஒரு ஏக்கரை விற்றால் கடன் முழுவதும் தீர்ந்து 2 லட்சம் கையில் நிற்கிறது. நாலு ஏக்கர் சொந்தப் பெயரில் இருக்கிறது. சங்கத்துக் கடனும் இருக்கிறது. ஐந்தையும் விற்பானேன்?

இதைச் சொன்னதும் நமது அன்பர் முகம் மலரும் என்று எதிர்பார்த்தோம். மலரவில்லை. "அவர் கேட்கிற ஒரு ஏக்கர் ரோட்டோரத்து ஏக்கர், அண்ணே. வாய்க்கால் மடை அதில்தான் இருக்கிறது" என்றார்.

பட்டணத்தாருக்கு இது விளங்காது; நமக்கே விளங்க ஐந்து நிமிஷம் ஆயிற்று. காவிரிப் பாசனத்தில் ஒவ்வொரு வயலுக்கும் தனி வாய்க்கால் கிடையாது. மடையிலிருந்து முதல் வயலில் பாய்ந்த தண்ணீர் வரப்பை வெட்டி அடுத்த வயலுக்கும், அங்கிருந்து அதற்கடுத்ததற்கும் போகிறது. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் வயல் மூழ்கினால் வடிவதற்கும் ஒரு பாதை வேண்டும். முன்வயலை ஒருவன் வாங்கி நாலடி உயரத்துக்கு மண்ணைக் கொட்டி மனையாக்கினால் பின்வயல்களுக்கு ஆடியில் தண்ணீர் இல்லை, கார்த்திகையில் வடிகால் இல்லை. ஒரு ஏக்கர் விற்றது நாலு ஏக்கரையும் சேர்த்து விற்றதாக முடியும். டவுன்காரருக்கு உள்ளே தள்ளியிருக்கிற ஏக்கர் வேண்டாமாம்; ரோட்டோரந்தான் வேண்டுமாம். உள்ளே இருப்பதை உழுகிறவர்கள்தான் வாங்குவார்கள். அவர்கள் ஐந்தரை லட்சத்துக்கு மேல் பேசமாட்டார்கள்.

அப்படியானால் ஒரு ஏக்கர் போதாது. ஒன்றேகால் ஏக்கராவது போகவேண்டும். மூன்றே முக்கால் ஏக்கர் மிஞ்சும். மகனோ திருப்பூரில் வேலையாக இருக்கிறான். உழவுக்குத் திரும்பி வருகிறவனாகத் தெரியவில்லை. யாருக்காக இந்த மூன்றே முக்கால் ஏக்கரைக் கட்டிக் காப்பது என்று அவரே ஒரு கேள்வியையும் போட்டார். நம்மிடம் அதற்குப் பதில் இல்லை.

அவருடைய சம்சாரம் என்ன சொல்கிறார் என்று கேட்டோம். இத்தனை நேரமும் கேட்காமல் இருந்தது நம் தவறு.

"அவளா? அவளுக்கு விற்பதில் இஷ்டமே இல்லை. 'முப்பது லட்சம் வீட்டில் இருப்பது தெரிந்தால் உங்கள் அண்ணன் கடை வைக்கக் கேட்பார், மாப்பிள்ளை வண்டி வாங்கக் கேட்பார், இல்லை என்று சொல்ல உங்களுக்கு வாய் வராது. நிலத்தை எவன் வந்து கைமாத்துக் கேட்கிறான்?' என்கிறாள்."

நாம் இரண்டு மணி நேரமாகப் போட்ட கணக்கில் இந்த இனத்தையும் எழுத மறந்திருந்தோம். பாங்கியில் 34 லட்சம் அப்படியே இருக்கும், வருஷா வருஷம் வட்டி வரும் என்று எழுதினோமே, அது உறவு முறை இல்லாத மனிதனுடைய கணக்கு!

மறுநாள் காலை பஸ்ஸுக்குப் புறப்படும்போது அவருக்கு ஒரு யோசனை மட்டும் சொன்னோம். டவுன்காரர் மறுபடி வந்தால் விலையைப் பற்றிப் பேச வேண்டாம். "பத்து வருஷக் குத்தகையைக் கிரயப் பத்திரம் பதிகிற அன்றைக்கே பதிவு செய்து கொடுப்பீர்களா? என் பெயரைக் குத்தகைப் பதிவேட்டில் ஏற்ற ஆட்சேபம் இல்லை என்று எழுதிக் கொடுப்பீர்களா? வெள்ளத்தில் போன வருஷத்துக்குக் குத்தகை இல்லை என்று ஒரு வரி சேர்ப்பீர்களா?" என்று மட்டும் கேட்கச் சொன்னோம். சிட்டா நகலின் பின்புறத்தில் மூன்றையும் பென்ஸிலால் குறித்துக்கொண்டு போனார்.

ஆவணியில் அவரிடமிருந்து தகவல் வந்தது. டவுன்காரர் மூன்றையும் பொறுமையாகக் கேட்டுக்கொண்டாராம். "யோசித்துச் சொல்கிறேன்" என்று எழுந்து போனவர் அப்புறம் ஊர்ப் பக்கமே வரவில்லையாம். உள்ளே இருக்கிற ஒன்றேகால் ஏக்கருக்குப் பக்கத்து வயல்காரர் ஐந்து லட்சத்திலிருந்து ஆரம்பித்திருக்கிறார், பேச்சு நடக்கிறது. கடைமடைக்குத் தண்ணீர் வந்துவிட்டது. சம்பாவுக்கு நாற்று விட்டிருக்கிறார்கள்.